4294967297: பகா எண்ணாகத் தோன்றிய ஒரு பகு எண்

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் 4294967297 கிடைக்கும். 429 கோடியைத் தாண்டும் இந்த எண்ணை 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனால், முதல் 115 பகா எண்களுக்கும் மீதி வரும். 116-ஆவது பகா எண்ணான 641-இல்தான் அது மீதியின்றி வகுபட்டு, 6700417 என்ற ஈவைத் தருகிறது. அந்த ஈவும் ஒரு பகா எண்ணே.

2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசையில் வரும் எண்கள் அனைத்துமே பகா எண்கள் என்று 1640 அளவில் பிரெஞ்சுக் கணிதவியலரான ஃபெர்மா நம்பினார். அடுத்த உறுப்பே 4294967297. அதற்கு 641 என்ற காரணி உண்டென்று 1732-இல் சுவிஸ் கணிதவியலரான ஆய்லர் காட்டினார்; இத்தகைய காரணிகள் எந்த வடிவில் அமைய வேண்டும் என்பதையும் அவரே பின்னர் நிறுவினார்.

அந்த நிறுவல் எளிமையானது. p என்ற பகா எண் நம் எண்ணை வகுப்பதாகக் கொள்வோம். அப்போது 2³²-ஐ p-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது, p-இன் மடங்குக்கு 1 குறைவு) என்றாகும். அதன் வர்க்கமான 2⁶⁴-க்கு மீதி 1. ஆகவே 2-இன் அடுக்குகள் தரும் மீதிகள் சரியாக 64 படிகளுக்கு ஒருமுறை சுழல்கின்றன. 2-இன் (p−1)-ஆம் அடுக்கு எப்போதும் மீதி 1 தரும் என்பது ஃபெர்மாவே கண்ட தேற்றம். எனவே p−1 என்பது 64-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டு சென்று, அவற்றில் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாவது முயற்சியிலேயே காரணி கிடைத்துவிடுகிறது. ஃபெர்மாவின் தேற்றமே அவருடைய நம்பிக்கையைத் தகர்க்கும் கருவியானது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

நீண்ட வகுத்தல் இல்லாமலும் 641-ஐச் சரிபார்க்கலாம். 641 = 5×2⁷+1; அதுவே 5⁴+2⁴ ஆகவும் இருக்கிறது. முதல் சமன்பாட்டின்படி, 641-ஆல் வகுத்தால் 5×2⁷-க்கு மீதி −1. அதன் நான்காம் அடுக்கான 5⁴×2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐ வைக்கலாம். அப்போது −2³²-க்கு மீதி 1 என்றாகிறது. எனவே 2³²+1-க்கு மீதி 0.

எனக்கு இதைவிட அழகாகத் தோன்றுவது இன்னொரு பண்பு. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமானால், ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். நம் எண்ணோ 65536²+1² ஆகவும், 62264²+20449² ஆகவும் அமைகிறது. இரண்டு வழிகள் இருப்பதே, காரணி எதையும் அறியாத நிலையிலும், இது பகு எண் என்பதற்குப் போதுமான சான்று. இதன் வேர் காரணிகளில் இருக்கிறது: 641 = 25²+4²; 6700417 = 2556²+409². 25×2556-உடன் 4×409-ஐக் கூட்டினால் 65536, கழித்தால் 62264.

ஆனால் எல்லாச் சோதனைகளும் இதை இனங்காண்பதில்லை. 2-ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மாவின் தேற்றத்தைச் சோதித்தால், அதாவது 2-இன் அடுக்காக இந்த எண்ணில் 1 குறைத்து வைத்து, இதே எண்ணால் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்த்தால், 2⁶⁴-க்கு மீதி 1 என்பதாலேயே, இந்த எண் பகா எண்ணைப் போலவே தேறிவிடும். அடிமானத்தை 3 ஆக மாற்றினால்தான் உண்மை வெளிப்படும். இதே வரிசையில் 2-இன் 1048576-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டிக் கிடைக்கும் 315653 இலக்க எண்ணும் பகு எண் என்று 3-ஐ அடிமானமாகக் கொண்ட சோதனையாலேயே நிறுவப்பட்டது. அதன் காரணிகளில் ஒன்றுகூட இதுவரை கண்டறியப்படவில்லை.