ஊர் மருந்தும் சிங்கப்பூர்ச் சட்டமும்: பெயர்ச்சீட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாட்டு மருந்துப் பொட்டலங்களும் பெட்டியில் ஏறிவிடும். அவற்றில் விலங்குப் பொருள் இருந்தால், அருகிவரும் உயிரினங்கள் (இறக்குமதி, ஏற்றுமதி) சட்டம் குறுக்கே நிற்கும். அதைச் செயல்படுத்துவது தேசியப் பூங்காக் கழகம்.

பலரும் இடறுவது ஒரே இடத்தில்தான். “அது போலிதானே, அசல் இல்லையே” என்ற பேச்சு இங்கே எடுபடாது. புட்டியில் ‘உடும்புத் தைலம்’ என்று ஒட்டியிருந்தால், உள்ளே வெறும் நல்லெண்ணெயே இருந்தாலும், சட்டம் அதை உடும்பிலிருந்து எடுத்த பொருளாகவே நடத்தும். பெயர்ச்சீட்டு, உறை, கூடவரும் காகிதம், விற்பவர் சொல்லும் சொல் எல்லாமே கணக்கு.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பவை மிகக் கடுமையானவை: புலி நகம், ஆசியக் கருங்கரடிப் பித்தம், அலுங்குச் (எறும்புத்தின்னி) செதில், இந்தியாவில் பரவலாகக் காணப்படும் உடும்பு, இந்திய, நேபாளக் கஸ்தூரி மான். இந்தியப் புனுகுப் பூனை மூன்றாம் பட்டியலில் உள்ளது. குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல். அது எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் கோரோசனை மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சில தயாரிப்புகளில் பொடி எழுத்தில் கஸ்தூரியும் இருக்கும். அங்கேதான் சிக்கல்.

பட்டியலிலுள்ள பொருளுக்கு இரண்டு அனுமதிகள் வேண்டும்: அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி, இங்கே கழகத்தின் இறக்குமதி அனுமதி. இரண்டும் பொருள் வந்து இறங்குவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கடை ரசீது அனுமதி ஆகாது. முதல் பட்டியல் விலங்கு காட்டில் பிடிபட்டதென்றால் வணிகத்துக்கு அனுமதியே கிடைக்காது. தெரியாமல் எடுத்து வந்துவிட்டால் சாங்கியில் சிவப்பு வழிக்குச் சென்று அதிகாரியிடம் காட்டுங்கள். பச்சை வழியில் நழுவப் பார்க்காதீர்கள்.

2022 திருத்தத்துக்குப் பின், முதல் பட்டியல் உயிரினம் என்றால் தனிநபருக்கு ஒவ்வொரு பொருளுக்கும் 100,000 வெள்ளி வரை, மொத்தம் 500,000 வெள்ளி வரை அபராதம். 6 ஆண்டு வரை சிறை. அனுமதியின்றி வந்ததைக் கடையில் வைப்பதும், விளம்பரம் செய்வதும் குற்றமே. சிங்கப்பூர் வழியாக வேறு நாட்டுக்குக் கொண்டு செல்வதும் தப்பாது: சாங்கி வழியாகக் காண்டாமிருகக் கொம்பு கடத்தியவருக்கு 2024 ஜனவரியில் 24 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

கஸ்தூரி மஞ்சளுக்குப் பயமில்லை, அது வெறும் கிழங்கு. தாவரப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்கினால் சோதனையில் விளக்கம் சொல்வது எளிது. ஆனால் கோஷ்டம் வேரைக் கொண்டுவராதீர்கள். செடியானாலும் அதுவும் முதல் பட்டியலில்தான் இருக்கிறது.