பழைய டூன் பக்கிக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட் கார் வைத்திருப்பவர்கள் எங்கள் பெயிண்ட் பட்டறைக்கு வந்ததும் கேட்பது, "என்ன கலர் அடிக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "இப்போது மேலே இருப்பது பெயிண்ட்டா, ஜெல்கோட்டா?" (ஃபைபர் உடலை வார்க்கும்போதே அதன் மேல்தோலாக வரும் நிறப் படலம்தான் ஜெல்கோட்.) பலருக்குப் பதில் தெரியாது. அது தெரியாமல் விலை பேசுகிற பெயிண்டரிடம் வண்டியை விடாதீர்கள்.

தென் கலிஃபோர்னியாவில் எங்களிடம் வருபவற்றில் மேயர்ஸ் மேங்ஸ் வகை வண்டிகள் அதிகம். படகு கட்டும் தொழிலில் இருந்த புரூஸ் மேயர்ஸ் 1964இல் செய்த ஃபைபர் டூன் பக்கி அது, மணல்மேடுகளில் ஓட்டுவதற்கான திறந்த வண்டி. கிட்டை வாங்கியவர் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடிச்சட்டத்தை 14¼ அங்குலம் வெட்டிக் குறைத்து, ஃபைபர் உடல்கூட்டை அதன்மேல் வைத்துத் தானே பூட்டிக்கொள்வார். 1967இல் மெக்சிகோவின் லா பாஸிலிருந்து திஹுவானாவுக்கு மேயர்ஸ் 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி வந்து, மோட்டார் சைக்கிள்காரர்களின் சாதனையை முறியடித்தார். அதன்பிறகு ஆர்டர்கள் குவிந்தன, காப்பியடிப்பவர்களும் பெருகினார்கள்.

இந்தக் கூட்டுக்கு நிறம் கடைசியில் வருவதில்லை. அச்சுக்குள் முதலில் போவதே நிறம் கலந்த ஜெல்கோட்தான். கண்ணாடி இழையும் ரெசினும் அதன் பின்னால்தான். ஜெல்கோட்டின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். வெயிலில் வெளிறி, தொட்டால் சுண்ணாம்புபோலக் கையில் ஒட்டும். உடனே 'பெயிண்ட் போச்சு' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். போனது மேல்தோல் மட்டும்.

கல் பட்டுப் பெயர்ந்த ஓர் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நிறத்துக்கு அடியில் ப்ரைமரோ வேறு நிறமோ தெரிந்தால் யாரோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நேரே இழை தெரிந்தால் ஜெல்கோட். (தகர உடலுக்கு வைக்கும் காந்த மீட்டர் ஃபைபரில் எதையும் காட்டாது.) ஜெல்கோட் என்றால், பின்பக்க மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு 1500 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, அப்புறம் 2000, பிறகு பாலிஷ் காம்பவுண்ட் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நிறம் எழுந்து வரும். வந்தால் பெயிண்ட் பேச்சையே விட்டுவிடலாம். மினுமினுக்கும் மெட்டல்ஃப்ளேக் உடலில் மட்டும் அவசரப்படாதீர்கள். அதிகம் தேய்த்தால் துகள்களின் நிறப்பூச்சு போய் வெறும் அலுமினியம் வெள்ளியாகப் பல்லிளிக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

விரிசலைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஹெட்லைட் குழியிலும், வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் பார் கம்பியின் அடியிலும் சிலந்தி வலைபோல ஓடும். பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அசையவில்லை என்றால் அது வயதின் கோடு, இருந்துவிட்டுப் போகட்டும். விரிந்து மூடினால் பின்னாலிருக்கும் இழை வலுவிழந்திருக்கிறது. மேலே பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்தால் அதே கோடு திரும்ப வந்து நிற்கும். உள்பக்கம் புதிதாக இழை வைத்துக் கட்டியாக வேண்டும்; அந்தப் பகுதிக்குப் பெயிண்ட்டும் தவிர்க்க முடியாது.

ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பெயிண்ட் கண்ட வண்டி என்றால் சரி, தாராளமாக அடியுங்கள். ஆனால் தகரத்துக்குப் போடும் பெயிண்ட் ரிமூவரை ஃபைபரில் ஊற்றாதீர்கள். பெயிண்டோடு பாலியஸ்டரையும் இளக்கிவிடும். கையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், கூலி ஏறுவது அதனால்தான். வீட்டு கராஜில் துணி முகமூடி கட்டிக்கொண்டு, ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட் ஸ்ப்ரே பண்ணுவதும் வேண்டாம். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும். வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் நாங்கள் பெயிண்ட் அடிக்கும் பூத்துக்குள் போவதில்லை.

முதல் உரிமையாளர் கோணலாகப் போட்ட துளைகளை அடைக்கவா என்று கேட்கிறார்கள். இவை வீட்டில் பூட்டிய வண்டிகள், தொழிற்சாலை ஃபினிஷ் என்று ஒன்று கிடையாது. நானாக இருந்தால் தொடமாட்டேன். முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டுமென்றால், டேஷ்போர்டின் அடியிலும் முன் மூடியின் உள்பக்கத்திலும் பழைய ஜெல்கோட்டை அசல் நிறத்துக்கு அடையாளமாக அப்படியே விடச் சொல்லி, வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.