சளியை முகரும் எலிகளும் ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்டும்

தான்சானியாவின் மொரொகோரோ நகரில், சொகோய்ன் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், காசநோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் எலிகள் இருக்கின்றன. எலிகளை வைத்துப் பரிசோதனை செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பரிசோதிப்பதே எலிகள்தான். இதைக் காட்டும் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றும்போதெல்லாம் என்னிடம் வருபவர்களில் யாராவது போனை நீட்டி, “இது நிஜமா டாக்டர்?” என்று கேட்பார்கள். நிஜம்தான். ஆனால் நுரையீரல் மருத்துவராக எனக்கு முக்கியமாகப் படுவது, பொதுவாக அந்த வீடியோக்களில் வருவதில்லை. எலிகளிடம் போகும் சளி மாதிரிகள் மருத்துவமனைகளில் ஏற்கெனவே மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை ‘நெகட்டிவ்’ என்று எழுதப்பட்டவை.

இதை நடத்துவது அபோபோ என்ற அமைப்பு. சிறுவயதில் எலி வளர்த்த பார்ட் வீட்ஜென்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1997-ல் தொடங்கியது. அவர் முதலில் நினைத்தது எலியை வைத்துக் கண்ணிவெடியைக் கண்டுபிடிப்பதைத்தான். கன்னத்தில் பையுள்ள ஆப்பிரிக்கப் பெரிய எலிக்குக் கண் பார்வை மந்தம், மோப்பம் அபாரம். ஒரு கிலோவுக்குச் சற்று மேலே எடை இருந்தாலும், கண்ணிவெடியை மிதித்து வெடிக்கச் செய்ய அது போதாது. கம்போடியாவில் வேலை பார்த்த மகாவா என்ற எலிக்கு 2020-ல் பிரிட்டனின் பிடிஎஸ்ஏ விலங்கு நல அமைப்பு தங்கப் பதக்கமே கொடுத்தது. வெடிமருந்தை முகரும் மூக்கு நோயையும் முகருமா என்று பார்த்ததில் பிறந்ததுதான் சளி வேலை.

காசநோய்க் கிருமி வளரும்போது எளிதில் ஆவியாகும் சில வேதிப்பொருட்களை வெளியிடுகிறது. அந்த வாசனையைத்தான் எலி கற்றுக்கொள்கிறது. குட்டிக்கு நான்கைந்து வாரம் ஆனதும் மனிதர்களோடு பழக்குவார்கள். பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தம், உடனே வாழைப்பழம் கலந்த தீனி. சத்தம் வந்தால் தின்னக் கிடைக்கும் என்பது பதிந்ததும், டிபி உள்ள சளியில் மூக்கை நிறுத்தினால் மட்டும் அந்தச் சத்தம். முழுப் பயிற்சிக்கு ஏறக்குறைய 9 மாதம் ஆகிறது. வேலை நாளில், தரையில் வரிசையாகத் துளைகள் உள்ள கூண்டுக்குள் எலி போகும். ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு மாதிரி. கிருமியைச் சூட்டில் கொன்றபிறகுதான் வைப்பார்கள், வாசனை தங்கிவிடும். சந்தேகம் என்றால் எலி சுமார் 3 விநாடி மூக்கை எடுக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று. புதிய மாதிரியில் டிபி இருக்கிறதா என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அப்படியானால் எலிக்குத் தீனி எப்போது கொடுப்பது? அதனால் நோய் உறுதியான சில மாதிரிகளை நடுவில் கலந்து வைக்கிறார்கள். அவற்றைச் சரியாகக் காட்டினால்தான் தீனி. எலி வேலையை ஒழுங்காகச் செய்கிறதா, இல்லை ஆசையில் எல்லாத் துளையிலும் நிற்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். நம் ஊர் ஆய்வகங்கள் எல்லாவற்றிலும் இந்த அளவுக்குத் தரப் பரிசோதனை நடந்தால் நான் மகிழ்வேன்!

100 மாதிரிகளை ஓர் எலி 20 நிமிடத்தில் முடித்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் டெக்னீஷியனுக்கு அதற்கு 4 நாள் வரை ஆகும். எலி காட்டிய மாதிரிகளை ஆய்வகத்தில் மறுபடி பரிசோதித்து உறுதிசெய்த பிறகுதான் நோயாளிக்குச் சொல்கிறார்கள். எலி அவசரப்பட்டுத் தவறான மாதிரியையும் காட்டும் என்பதால், சந்தேகம் எழுப்புவது வரைதான் அதன் வேலை. அப்படியும் அந்த மருத்துவமனைகளில் கண்டறியப்பட்ட டிபி நோயாளிகளின் எண்ணிக்கை 40 சதவீதம் அளவுக்கு உயர்ந்தது என்கிறது அபோபோ. 5 வயதுக்குட்பட்ட 982 குழந்தைகளின் சளியைப் பார்த்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. மைக்ரோஸ்கோப் காட்டியது 34 பேரை. எலிகளால் இன்னும் 23 பேர் தெரியவந்தார்கள்.

மைக்ரோஸ்கோப் ஏன் இத்தனை பேரை விடுகிறது? டெக்னீஷியன் மீது குற்றம் இல்லை. ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணுக்கு அகப்படும். ஸ்லைடில் தடவுவதோ துளியூண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. குழந்தைகள், எச்ஐவி உள்ளவர்கள், நோய் ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் ஆகியோரின் சளியில் கிருமி குறைவாகவே இருக்கும்.

நம் கதைக்கு வருவோம். என் அறைக்கு வரும் பலர் கையில் ஏற்கெனவே ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட் இருக்கும். “சளி டெஸ்ட் எடுத்தாச்சு டாக்டர், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க.” எப்போது எடுத்தது என்று கேட்டால் ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும். இருமல் நிற்கவில்லை, சாயங்காலம் லேசாகக் காய்ச்சல், பேன்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைப்பு. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும், ஏனென்றால் அவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

டப்பாவில் என்ன கொடுத்தீர்கள் என்பது என் அடுத்த கேள்வி. பாதிப் பேர் கொடுத்தது எச்சில். வரிசையில் நிற்கும் கூச்சத்தில் அவசரமாகத் துப்பிவிட்டு வருகிறார்கள். எச்சிலை எலியிடம் கொடுத்தாலும் இயந்திரத்திடம் கொடுத்தாலும் பலன் கிடையாது. காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்கும் கெட்டிச் சளிதான் வேண்டும். திறந்த வெளியில், பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் இருமுங்கள்.

இன்னொரு சிக்கல் மெடிக்கல் ஷாப் ஆன்டிபயாட்டிக். லிவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் டிபி கிருமியையும் ஓரளவு அமுக்கும். பத்து நாள் சுகமாக இருக்கும், அந்தச் சமயத்தில் எடுத்த சளியில் கிருமியும் தெரியாமல் போகலாம். அப்புறம் இருமல் திரும்ப வரும். சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எலியை இங்கே கொண்டுவரலாமே என்று சிலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய அவசரம் தெரியவில்லை. உலக டிபி நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர் என்றாலும், கிருமியின் மரபணுவையே தேடும் சிபிநாட், ட்ரூநாட் பரிசோதனைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. ட்ரூநாட் கோவா நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு, பேட்டரியில் ஓடும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். மைக்ரோஸ்கோப்புக்கு ஆயிரக்கணக்கில் கிருமி வேண்டிய இடத்தில் சிபிநாட்டுக்கு நூற்றுச் சொச்சம் போதும், டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் சொல்லிவிடும். மைக்ரோஸ்கோப் ரிப்போர்ட் நெகட்டிவாக இருந்து, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரேயும் எடுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நீங்களாகக் கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நோய் உறுதியானால் வழக்கமான டிபிக்கு 6 மாத மருந்து அரசிடம் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பர் வரை அது 500 ஆக இருந்தது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இருமல் இல்லாவிட்டாலும் கூடவே அழைத்துப் போங்கள்.