கிணறு கெட்டால் ஒரு மாதக் கணக்கை மறக்காதேங்கோ

வன்னியில் அரிசி ஆலை, கல்லுடைக்கும் இடம், பெரிய ஜெனரேட்டர் என்று வீட்டு வேலிக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன. கழிவால் கிணறு பழுதானாலும் "கம்பனியோட நாங்கள் எங்க மல்லுக்கட்டுறது" என்று சனம் பேசாமல் இருந்துவிடுகிறது. அப்படி இருக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தைப் பாருங்கள். மின்நிலையக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் இறங்கி, வாளியில் அள்ளிய தண்ணீரில் படலமாக மிதந்தது. 2015 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடப்பட்டு, 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா கட்ட வேண்டும், கிணறு கெட்டவர்களுக்கு ஆளுக்கு 40,000 ரூபா வரை. ஒரு கிணறு வெட்டிக் கட்டுகிற செலவுக்கு அது காணாதுதான், ஆனால் தனியார் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

சரி, எப்படிப் போவது? அடிப்படை உரிமை மனு அரச தரப்பின் செயலுக்கு, அல்லது செய்யாமல் விட்டதற்கு எதிரானது. ஆகவே ஆலைக்கு சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருந்ததா, முறைப்பாடு கிடைத்தும் மத்திய சுற்றாடல் அதிகார சபையோ பிரதேச சபையோ சும்மா இருந்ததா என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. உரிமத்தின் பிரதியை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் வழுக்குகிறார்கள்: இலங்கை அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும். வன்னியில் இருந்து கொழும்புக்குப் போய் சட்டத்தரணி பிடிக்கவே அந்த மாதம் போய்விடும். அதற்கு ஒரு வழி உண்டு. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. வவுனியாவில் அவர்களின் அலுவலகம் இருக்கிறது, தமிழில் கடிதம் எழுதினால் போதும், காசு இல்லை. முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதத்தையும் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

நட்டஈடு மட்டும் போதுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு வைக்கலாம், அதற்கு இரண்டு வருட எல்லை. புகையையும் கழிவையும் உடனே நிறுத்த வேண்டுமானால் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும், தண்ணீர் மாதிரியை நீங்களே போத்தலில் பிடித்து வைத்தால் "வேறெங்கோ பிடித்தது" என்று எதிர்த்தரப்பு சொல்லும். பி.எச்.ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கூப்பிட்டு, அவர் கையால் எடுக்கவைத்து, திகதி போட்ட துண்டை வாங்குங்கள். வாளியில் படலம் தெரிகிற அன்றைக்கே படமும் எடுங்கள், மழை பெய்தால் அது கலைந்துவிடும்.