சைபர் இராஜதந்திரம்: இது எந்தச் சைபர்?

கிளிநொச்சிச் சந்தையில் யாரிடமாவது போன் நம்பர் கேட்டுப் பாருங்கள். "சைபர் ஏழு ஏழு" என்றுதான் தொடங்குவார்கள். இணைய விவகாரங்களை நாடுகள் தங்களுக்குள் பேசித் தீர்ப்பதைச் 'சைபர் இராஜதந்திரம்' என்கிறார்கள். அந்தக் காதோடு அதைப் படித்தால், பூச்சிய இராஜதந்திரமோ என்று மயங்கத்தான் செய்யும்.

இரண்டும் வேறு வேறு சொற்கள். இலக்கச் சைபர், வெறுமையைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. மற்றைய சைபருக்கு வேர் கிரேக்க 'கிபெர்னேட்டிஸ்', அதாவது சுக்கான் பிடிப்பவர். முல்லைத்தீவில் இஞ்சின் பிடியைத் திருப்பி வள்ளம் ஓட்டுகிறவரும் அந்தக் கணக்கில் சைபர்காரர்தான். 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நோபர்ட் வீனர் தன் கட்டுப்பாட்டியலுக்கு இந்த வேரிலிருந்து 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயர் வைத்தார். 1980களில் அறிவியல் புனைகதை அதை 'சைபர்ஸ்பேஸ்' ஆக்கியது. தமிழில் இணையவெளி. சரி, அதில் சண்டை இல்லை.

சிக்கல் 'இராஜதந்திரம்' என்பதில்தான். வடமொழியில் தந்திரம் என்றால் தறி, அப்புறம் முறை. நம் பேச்சிலோ அது நரியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆங்கில 'டிப்ளோமசி'க்கு மூலமான கிரேக்க 'டிப்ளோமா' இரண்டாக மடித்த ஆவணம். அதைக் கொண்டுபோகிறவர் தூதர். ஆகவே எனக்குத் தூதாண்மைதான் பொருத்தம்.

இரணைமடுக் குளத்து நீரில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் கூடித்தான் முடிவெடுக்கிறார்கள். மேலே ஒருவர் வாய்க்காலை மறித்தால் கடைசி வயல் காயும். இராத்திரியில் மறித்தது யாரென்று காட்டுவதும் லேசில்லை. இணையவெளியிலும் அதே பாடுதான். 2007இல் இணையத் தாக்குதலால் எஸ்தோனியாவின் வங்கி, அரச இணையத்தளங்கள் முடங்கின. பின்னால் இருந்தது யாரென்பதே பெரிய சர்ச்சையாயிற்று. 2013இல் ஐ.நா. நிபுணர் குழு, சர்வதேசச் சட்டம் இணையவெளிக்கும் பொருந்தும் என்று ஒத்துக்கொண்டது. 2015இல் 11 நெறிகள் வந்தன: மின்விநியோகம் போன்றவற்றைச் சிதைக்காதே, இணையத் தாக்குதல் நடந்தால் உதவிக்கு ஓடும் இன்னொரு நாட்டின் கணினி அவசர உதவிக் குழுவைத் தாக்காதே என்று. எல்லாம் விருப்பத்தின் பேரில்தான். மீறினால் தண்டம் கிடையாது.

இலங்கை 2015இல் புடாபெஸ்ட் சைபர்குற்ற உடன்படிக்கையில் சேர்ந்தது. ஒட்டுசுட்டானில் ஒருவருடைய வங்கிக் கணக்கை வெளிநாட்டிலிருந்து யாராவது சுரண்டினால், சேர்ந்துள்ள மற்றைய நாடுகளிடம் சான்று கேட்க அது ஒரு வழி.

டென்மார்க் இன்னொரு படி போய், 2017இல் தொழில்நுட்பக் கம்பனிகளோடு பேசவென்றே ஒரு தூதரை நியமித்தது. கம்பனிகளின் பக்கம் இராஜாவும் இல்லை, இராச்சியமும் இல்லை. 'இணையவெளித் தூதாண்மை' என்றால் அந்தத் தூதருக்கும் இடமிருக்கிறது.