நெட் வரவில்லையா, லேன் கார்டே தெரியவில்லையா?

செங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவனுக்கு வருஷத்தில் இரண்டு சீசன். ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் இடி. இரண்டிலும் பழைய வீட்டு சிஸ்டங்கள் ஒரே புகாரோடு வரும்: "அண்ணாச்சி, நெட் கிடைக்க மாட்டேங்குது." புளியரை, ஆரியங்காவு பக்கமிருந்துகூட சிபியுவைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் பாதிப் பேர் யாரோ சொன்னார்கள் என்று ஃபார்மட்டும் பண்ணிவிட்டுத்தான் வருவார்கள். எனக்கு வயிற்றெரிச்சலே இதுதான். பிள்ளைகளின் போட்டோ போயிருக்கும், நெட்டும் வந்திருக்காது.

நெட் வராதது வேறு, நெட் வயரைச் சொருகுகிற லேன் கார்டு என்ற நெட்வொர்க் கார்டே சிஸ்டத்துக்குத் தெரியாமல் போவது வேறு. எது என்று பார்க்க, விண்டோஸில் சிஸ்டத்தின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் போதும். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரிக்குக் கீழே கார்டின் பெயர் ஒழுங்காக இருந்தால் கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ மோடத்திலோ செட்டிங்கிலோ இருக்கும், சிபியுவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ டிஸேபிள் பண்ணியிருக்கிறார்கள், ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள்.

அதர் டிவைசஸ் என்பதற்குக் கீழே மஞ்சள் குறியோடு ஈதர்நெட் கண்ட்ரோலர் என்று நின்றால் கார்டு உயிரோடு இருக்கிறது, அதை இயக்குகிற மென்பொருளான டிரைவர்தான் இல்லை. ஃபார்மட் பண்ணியதும் வருகிற தொல்லை இது. விண்டோஸ் 7 வந்தது 2009ல்; அதற்குப் பின்னால் வந்த பல மதர்போர்டுகளின் லேன் டிரைவர் அந்த டிஸ்க்கில் இருக்காது. நெட் இருந்தால்தான் டிரைவர் இறக்கலாம், டிரைவர் இருந்தால்தான் நெட் வரும். இதற்கு வழி, போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் நெட்டை சிஸ்டத்துக்குக் கொடுக்கும் டெதரிங் போடுவது. எந்த டிரைவர் என்று தெரியாவிட்டால் அந்த வரியின் பிராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐடி பாருங்கள்: 8086 என்று இருந்தால் இன்டெல் சிப், 10EC என்று இருந்தால் ரியல்டெக். போர்டு கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள். டிரைவர் அப்டேட்டர் என்று இலவசமாக வருகிற சாமான்களை இறக்கினால் அப்புறம் அதை நீக்குவதே தனி வேலை.

எந்த வரியிலுமே இல்லையா? அப்போதுதான் ஹார்டுவேர் பக்கம் போகணும். சிஸ்டத்தை நிறுத்தினாலும் பிளக் சொருகியிருக்கும்வரை லேன் சிப்புக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கும், போர்ட்டில் விளக்கு எரிவது அதனால்தான். வோல்டேஜ் ஏறி இறங்கினால் சிப் அப்படியே திகைத்து நின்றுவிடுவதுண்டு. பவர் கேபிளையே பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, பிறகு மாட்டிப் பாருங்கள். காசில்லாத வைத்தியம், பல தடவை பலித்திருக்கிறது. அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸ் ஏறுமுன் திறக்கிற போர்டின் செட்டிங்: ஆன்போர்டு லேன் (போர்டிலேயே பதித்த லேன் சிப்) எனேபிளில் இருக்கிறதா என்று பார்க்கணும். தனி கார்டாக இருந்தால் கழற்றி, தங்க நிறப் பல்லைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பச் சொருகுங்கள். சாரல் மாதத்தில் துணியே காயாத ஊரில் அந்தப் பல்லில் படலம் கட்டாமல் இருந்தால்தான் அதிசயம். இன்னும் சந்தேகமென்றால் லினக்ஸ் பென் டிரைவில் பூட் பண்ணுங்கள். அங்கே தெரிந்தால் குற்றம் விண்டோஸில், அங்கேயும் தெரியாவிட்டால் சிப் போய்விட்டது என்று அநேகமாக முடிவு கட்டலாம்.

சிப் போனாலும் போர்டை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். சில நூறு ரூபாய் லேன் கார்டோ யுஎஸ்பி லேன் அடாப்டரோ போதும். கார்டு வாங்குமுன் கேபினெட்டைத் திறந்து ஸ்லாட்டைப் பாருங்கள், பழைய போர்டில் இருக்கும் நீள பிசிஐ ஸ்லாட்டில் இப்போதைய பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஏறாது. புதுசு போட்டதும் வெந்துபோன ஆன்போர்டு லேனை பயாஸில் அணைத்துவிடுங்கள், சில போர்டுகளில் அது பூட்டையே இழுத்தடிக்கும்.

ஐப்பசியில் எரிகிற சிப்புகளில் நிறைய, பவர் பிளக் வழியாக அல்ல, லேன் வயர் வழியாக அடிபட்டவை. தெருக் கம்பத்திலிருந்து தென்னை மரங்களுக்கு மேலே இழுத்துக் கொண்டுவந்த செம்பு வயர் அது, சுவிட்சை அணைத்தாலும் சிபியுவோடு சேர்ந்துதான் இருக்கும். ஃபைபர் இழை கண்ணாடி, அதில் மின்சாரம் வராது; ஆனால் ஃபைபர் வந்து சேரும் மோடம் பெட்டியின் அடாப்டர் கரண்டில்தான் இருக்கிறது, பெட்டியிலிருந்து சிபியுவுக்குப் போவதும் செம்புதான். மலைக்கு மேலே கறுத்து வந்தால், முதல் இடிக்கு முன்னாலேயே பவர், லேன் இரண்டு வயரையும் கழற்றிவிடுங்கள்.