ஒரே பெட்டிக்குள் மூன்று குடித்தனம்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். டிவி ஸ்டாண்டுக்குக் கீழே மூன்று பெட்டிகள். குடும்பப் புகைப்படங்களும் தொழில் கணக்குகளும் இருக்கும் நாஸ் என்ற கோப்புச் சேமிப்புப் பெட்டி ஒன்று, படம் பார்க்க ஒரு சின்ன கம்ப்யூட்டர், வாசல் கேமராக்களின் காட்சியைப் பதிவுசெய்ய ஒரு டிவிஆர். மூன்றுக்கும் தனித்தனி அடாப்டர், தனித்தனி விசிறி, தனித்தனி பாஸ்வேர்டு. "மூன்றையும் ஒரே சர்வரில் மெய்நிகர் கணினிகளாகப் போட்டுவிடலாம் என்கிறார்கள். ஒரே செயலியில் மூன்று ஆபரேட்டிங் சிஸ்டம் எப்படி ஓடும்? ஒன்று நின்றால் மற்றவையும் நின்றுவிடாதா? நான் எதை வாங்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில் பிடிபட்டுவிட்டால் எதை வாங்குவது என்பது பாதி தீர்ந்துவிடும். அதனால் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீடு, நான்கைந்து குடும்பங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்காரர் கையில். கம்ப்யூட்டரில் நாம் ஓட்டும் சாதாரண மென்பொருள்கள் இப்படிப்பட்ட குடித்தனக்காரர்கள்தாம். நினைவகமோ வட்டோ வேண்டுமென்றால் ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். இன்டெல், ஏஎம்டி செயலிகளில் இதற்கென்றே அதிகாரப் படிகள் இருக்கின்றன. ஆபரேட்டிங் சிஸ்டம் சுழியம் என்ற உச்சப் படியில் உட்காரும், மற்றவை மூன்றாம் படியில். கீழ்ப்படியில் இருப்பவர் மெயின் சுவிட்சைத் தொட்டால் செயலி அந்த நொடியே வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரை எழுப்பும். இதைப் பொறி என்பார்கள். நான் மணி என்று சொல்கிறேன்.

இப்போது சிக்கல். நாஸுக்கான ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதியவர், தான்தான் வீட்டுக்காரர் என்று நினைத்து அதை எழுதியிருக்கிறார். மீடியாவுக்கானதும் கேமராவுக்கானதும் அப்படியே. மூன்று வீட்டுக்காரர்களை ஒரே வீட்டில் குடிவைக்க வேண்டும். வாடகைக்கு இருக்கிறோம் என்பது மூவருக்குமே தெரியக்கூடாது.

இந்தச் சிக்கலை ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையம் 1967-லேயே அவிழ்த்துவிட்டது. சிபி-40 என்ற அவர்களுடைய மென்பொருள் ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்களாகக் காட்டியது. வித்தை எளிமையானது. குடிவைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை, அதாவது விருந்தாளியை, சத்தமில்லாமல் கீழ்ப்படியில் உட்காரவைத்துவிடு. அது கூட்டட்டும், கழிக்கட்டும், வளையத்தில் சுற்றட்டும். எல்லாம் நிஜச் செயலியில் முழு வேகத்தில் நடக்கும். மெயின் சுவிட்சைத் தொட்டால் மட்டும் மணி அடிக்கும். உண்மையான வீட்டுக்காரரான ஹைப்பர்வைசர் எழுந்து வந்து, விருந்தாளி எதிர்பார்த்த விளைவைப் போலியாக உண்டாக்கிவிட்டுப் போய்விடும். தான் நடுவில் நிறுத்தப்பட்டதே விருந்தாளிக்குத் தெரியாது.

1974-இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற இருவர் இதற்கு ஒரு கணித நிபந்தனை எழுதினார்கள். இயந்திரத்தின் நிலையை மாற்றும் கட்டளையானாலும் சரி, அந்த நிலையை வெளிக்காட்டும் கட்டளையானாலும் சரி, கீழ்ப்படியிலிருந்து கொடுத்தால் கட்டாயம் மணி அடிக்க வேண்டும். அப்படி அமைந்த செயலியில் மெய்நிகர் கணினி கட்டலாம் என்று நிறுவினார்கள். நம் வீட்டு மேசைக்கு வந்த எக்ஸ்86 என்ற இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகளோ இந்த நிபந்தனையை மீறின. பென்டியத்தின் கட்டளைகளை ஒவ்வொன்றாக அலசிய ஓர் ஆய்வு, 17 கட்டளைகள் மணி அடிக்காமல் நழுவுகின்றன என்று 2000-இல் காட்டியது.

அவற்றில் ஒன்றை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பெயர் பாப்-எஃப்.

கீபோர்டு, வட்டு, நெட்வொர்க் எல்லாம் செயலியை அவ்வப்போது கூப்பிடும். இந்தக் கூப்பாட்டுக்கு இடைமறிப்பு என்று பெயர். ஆபரேட்டிங் சிஸ்டம் முக்கியமான கணக்கு ஒன்றை எழுதும்போது சில மைக்ரோ செகண்டுகளுக்கு யாரும் கூப்பிடாதபடி கதவைச் சாத்திக்கொள்ளும். அதற்குச் செயலிக்குள் ஒரு கொடி இருக்கிறது; அதை இறக்கினால் கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் கொடியை இறக்க இரண்டு வழி. சிஎல்ஐ என்ற கட்டளை நேராக இறக்கும்; கீழ்ப்படியிலிருந்து கொடுத்தால் மணி அடித்துவிடும், பிரச்சினை இல்லை. பாப்-எஃப் எல்லாக் கொடிகளையும் மொத்தமாக மாற்றும். அதைக் கீழ்ப்படியிலிருந்து கொடுத்தால் செயலி மற்ற கொடிகளை மாற்றிவிட்டு, இந்த ஒரு கொடியை மட்டும் தொடாமல் விட்டுவிடும். மணியும் அடிக்காது, பிழையும் காட்டாது.

சுவிட்சைத் தட்டுகிறீர்கள், அதன் பின்னால் ஒயரே இல்லை. விருந்தாளி கதவு சாத்தியிருக்கிறது என்று நம்பிக் கணக்கெழுத உட்காருகிறது. ஹைப்பர்வைசருக்குத் தகவல் வராததால் கதவு திறந்தேதான் இருக்கிறது என்று நினைத்து, பாதிக் கணக்கில் போய்க் கூப்பிடுகிறது. கணக்கு குழம்பி, கொஞ்ச நேரத்தில் எல்லாம் விழுந்துவிடும். காரணத்தைத் தேடினால் எங்கேயும் ஒரு தடயம் இருக்காது.

1999-இல் விஎம்வேர் இதற்கு ஒரு மாற்றுவழி கொண்டுவந்தது. விருந்தாளியின் கருவில், அதாவது அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியில், இருக்கும் கட்டளைகளை ஓடுவதற்கு முன்பே படித்து, நழுவும் கட்டளைகளை எடுத்துவிட்டு வேறு கட்டளைகளைப் பொருத்தினார்கள். அசாத்தியமான உழைப்பு அது. பிறகு 2005-இல் இன்டெலின் விடி-எக்ஸ், 2006-இல் ஏஎம்டி-வி. சிப்புக்குள்ளேயே வழி பிறந்தது, அதுவும் எவ்வளவு அழகான வழி! விருந்தாளியைக் கீழ்ப்படிக்குத் தள்ளவே வேண்டாம். சுழியம் முதல் மூன்று வரை முழுப் படிவரிசையையும் அதற்கே கொடுத்துவிட்டு, அந்த வரிசைக்கு வெளியே ஹைப்பர்வைசருக்குத் தனியாக ஓர் இடம் ஒதுக்கினார்கள்.

இப்போது அதே பாப்-எஃப் என்ன ஆகிறது பாருங்கள். விருந்தாளி தன் உச்சப் படியிலிருந்து கொடுக்கிறது, கொடி உண்மையாகவே இறங்குகிறது, கதவு உண்மையாகவே சாத்தப்படுகிறது. ஆனால் அது அதன் சொந்த அறைக் கதவு. வட்டோ நெட்வொர்க்கோ கூப்பிட்டால், விருந்தாளியின் கொடி எப்படி இருந்தாலும் அந்தச் சத்தம் வாசலில் இருக்கும் ஹைப்பர்வைசருக்குப் போய்விடும். உள்ளே சொல்ல வேண்டிய செய்தி என்றால், "இந்த விருந்தாளி எப்போது கதவைத் திறக்கிறதோ அப்போது எனக்குச் சொல்" என்று சிப்பிடம் சொல்லிவைக்கும் வசதிகூட இருக்கிறது. சிப் காத்திருந்து, கதவு திறந்ததும் சொல்லும். இதை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுப் பெட்டியில், விருந்தாளிகள் எத்தனை முறை ஹைப்பர்வைசரிடம் வந்து போகின்றன என்ற எண்ணிக்கையைத் திரையில் ஓடவிட்டுப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். யாரும் படம் பார்க்காத நேரத்தில் பெரும்பாலும் வருவது ஹால்ட் என்ற கட்டளைதான். "எனக்கு வேலை இல்லை, வந்தால் எழுப்பு" என்று அர்த்தம். மொத்த இயந்திரத்தையும் தூங்கவைத்துவிட்டதாக விருந்தாளி நினைக்கிறது. ஹைப்பர்வைசர் அந்த நேரத்தை எடுத்து அடுத்த விருந்தாளிக்குக் கொடுக்கிறது. வீட்டுச் சர்வர்கள் பெரும்பொழுது சும்மாதான் இருக்கும் என்பதால், மூன்றுக்கும் ஒரு செயலி தாராளமாகப் போதுகிறது.

ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. 1974-இல் எழுதிய நிபந்தனைக்கு மேசைக் கம்ப்யூட்டர் சிப்புகள் இணங்க 31 ஆண்டுகள் ஆயின. இன்று உலகின் கிளவுட் தொழிலில் பெரும்பகுதி அதன் மேல்தான் நிற்கிறது. மூன்று ஆண்டுக்குள் என்ன பயன் காட்டுவாய் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் தருவோம் என்றால், இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு என்றைக்கும் பணம் கிடைக்காது. நம் நாட்டு நிதித் திட்டங்களில் ஒரு பங்காவது இந்தக் கேள்வியே கேட்காமல் கொடுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, பெட்டிக்கு வருவோம். ஹைப்பர்வைசரிடம் ஒரு முறை போய்வரச் சுமார் ஆயிரம் இரண்டாயிரம் கடிகாரத் துடிப்புகள் ஆகும். 3 ஜிகாஹெர்ட்ஸ் செயலியில் ஒரு மைக்ரோ செகண்டுக்கும் குறைவுதான். எப்போதாவது என்றால் பொருட்படுத்த வேண்டாம். ஓயாமல் வட்டில் எழுதுவதற்கு மட்டும் நடுவில் ஆள் இருப்பது நல்லதல்ல. வேகம் இதில் சின்ன விஷயம். இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கும். படிக்கும்போது எண் பொருந்தவில்லை என்றால் அதே தரவை எழுதிவைத்த ஜோடி வட்டிலிருந்து நல்ல பிரதியை எடுத்துத் தானே திருத்திக்கொள்ளும். இதற்கு அது வட்டின் உண்மை நிலையைப் பார்க்க வேண்டும்: எத்தனை செக்டர் கெட்டது, எழுதச் சொன்னது உண்மையிலேயே எழுதப்பட்டதா என்று. நடுவில் போலி வட்டு ஒன்றைக் காட்டினால் இந்தக் கண் மறைந்துவிடும். ஆகவே வட்டுகள் மாட்டியிருக்கும் கன்ட்ரோலர் அட்டையையே முழுசாக நாஸ் விருந்தாளிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அதில் ஓர் ஆபத்து உண்டு. வட்டு கன்ட்ரோலர் செயலியைக் கேட்காமல் நேராக நினைவகத்தில் எழுதும் பழக்கமுடையது. ஒவ்வொரு விருந்தாளியும் தன் அறைகளை ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ணிவைத்திருக்கிறது. "ஐந்தாம் அறையில் வை" என்று நாஸ் சொன்னால், கன்ட்ரோலர் கட்டடத்தின் நிஜமான ஐந்தாம் அறையில் கொண்டுபோய்ப் போடும். அங்கே வேறு குடும்பம் இருக்கும். இதைத் தடுக்க வாசலில் ஒரு பெயர்த்தெழுதும் ஆள் வேண்டும். அதுதான் ஐஓஎம்எம்யு, இன்டெல் அதை விடி-டி என்கிறது. மதர்போர்டு வாங்கும் முன் இது இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான சில போர்டுகளில் நான்கைந்து சாதனங்கள் ஒரே குழுவாகக் கட்டப்பட்டிருக்கும். குழுவில் ஒன்றைக் கொடுத்தால் எல்லாவற்றையும் அதே விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டியதுதான். அப்புறம், அட்டை எந்த நேரத்திலும் எந்த அறையிலும் எழுதலாம் என்பதால், அந்த விருந்தாளிக்கு ஒதுக்கிய நினைவகம் முழுவதும் தொடக்கத்திலேயே பூட்டப்பட்டுவிடும். நாஸுக்கு 16 ஜிபி என்றால் அந்த 16-ஐ வேறு யாரும் கடன் வாங்க முடியாது. மொத்தம் 32 ஜிபி போடச் சொல்வது இதனால்தான்.

மீடியாவுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. 2011-இலிருந்து இன்டெலின் பல செயலிகளில் க்விக் சிங்க் என்ற வீடியோ பகுதி உள்ளேயே இருக்கிறது. அதை ஒரே விருந்தாளிக்குத் தாரைவார்த்துவிட்டால் மற்றவர்களுக்குக் கிடைக்காது. அதனால் படம் காட்டும் மென்பொருளான ஜெல்லிஃபின்னையும் கேமரா மென்பொருளான ஃப்ரிகேட்டையும் மெய்நிகர் கணினிகளாகப் போடாமல், ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசர் மென்பொருளின் கன்டெய்னர்களாகப் போடுங்கள். கன்டெய்னர்கள் அடுப்படியைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுக்குடும்பம். கருவும் ஒன்று, வீடியோ பகுதியும் பொது.

கேமராவுக்குக் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 43.2 ஜிபி. நான்கு கேமராவுக்கு 172.8 ஜிபி. 15 நாள் வைத்திருக்க 2.6 டிபி. இரவு பகல் ஓயாத எழுத்து. இதை நாஸின் ஜோடி வட்டுகளில் எழுதாதீர்கள். கண்காணிப்புக்கென்றே விற்கும் 4 டிபி வட்டு ஒன்றைத் தனியாக மாட்டுங்கள். அது செத்தால் போவது பதினைந்து நாள் வாசல் காட்சி மட்டுமே. செத்தது தெரிய வேண்டும் என்பதுதான் முக்கியம். முன்பு எங்கள் வீட்டு டிவிஆரின் வட்டு கெட்டுப்போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. வாசலில் நின்ற வண்டியை யாரோ இடித்துவிட்டுப் போன அன்றுதான் தெரிந்தது. திரையில் நேரடிக் காட்சி மட்டும் அதுவரை தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பதிவு பத்து நிமிடம் நின்றாலே போனுக்குச் செய்தி வருகிறது.

நாஸ் வட்டு வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையைத் தவிருங்கள். அதில் தடங்கள் ஓட்டு வீட்டின் ஓடுகள் போல ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்த வரிசைகளையும் எடுத்து அடுக்க வேண்டும். கெட்ட வட்டை மாற்றி ஜோடியை மறுபடி கட்டும்போது இது நாட்கணக்கில் இழுக்கும். தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத வகை சிஎம்ஆர்; அப்படித் தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள்.

கேமராக்களை இணையம் எட்டாத தனி நெட்வொர்க்கில் கட்டுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் படையாகத் திரட்டி தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கியதில் பல பெரிய தளங்கள் முடங்கின.

ஒன்று நின்றால் மற்றதும் நிற்குமா என்ற கேள்வி பாக்கி. மெய்நிகர் கணினி விழுந்தால் அந்தக் குடித்தனம் மட்டும் விழும். கன்டெய்னர்களுக்குக் கரு பொதுவென்பதால் அந்த அளவு தடுப்பு கிடையாது. மதர்போர்டோ பவர் சப்ளையோ போனால் எல்லோரும் சேர்ந்தே விழுவார்கள். ஜோடி வட்டு இதற்கு மருந்தாகாது. மின்னல் அடித்தால் இரண்டும் சேர்ந்து போகும், தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். புகைப்படங்களின் இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும்; உங்கள் பழைய நாஸையே அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ வைத்து வாரம் ஒருமுறை நகல் அனுப்பினால் போதும். மின்செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 50 வாட் இழுக்கும் பெட்டி ஆண்டுக்கு 438 யூனிட், இரண்டு மாத பில்லில் 73 யூனிட்.

கடைசியாக யுபிஎஸ். கரன்ட் போனதும் அது யுஎஸ்பி ஒயர் வழியாகப் பெட்டிக்குச் சொல்ல, பெட்டி ஒவ்வொரு விருந்தாளியையும் ஒழுங்காக மூட வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணும் காத்திருப்பு நேரமும் கொடுக்கலாம். நாஸுக்கு 2, அதன் பின் 120 நொடி காத்திருப்பு. ஜெல்லிஃபின்னுக்கு 3, ஏனென்றால் படங்கள் நாஸில் இருக்கின்றன. அது எழுவதற்கு முன் இது எழுந்தால் நூலகம் காலியாகத் தெரியும். மூடும்போது இதே வரிசை தலைகீழாகத் தானே நடக்கும். ஃப்ரிகேட்டுக்கு 1 கொடுங்கள். அதன் வட்டு தனியாக இருப்பதால் நாஸுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கரன்ட் வந்து மற்றவை எழுந்துகொண்டிருக்கும்போதே வாசல் பதிவாகத் தொடங்கிவிடும்.